குளிரில் விறைக்காத மரபணுக்கள்

[திரையில்: இருட்டு. ஒரு மண் துகள் மெல்லப் பெரிதாகிறது.]

சைபீரியாவின் கோலிமா பகுதியில், தரைக்கு அடியிலிருந்து எடுத்த உறைமண் இது. 20,000 முதல் 40,000 ஆண்டுகளாக உருகாமல் கிடந்தது. தொட்டால் கல் போல இருக்கும். ஆனால் இந்தத் துகளின் ஓரத்தைப் பாருங்கள், மயிரிழையைவிட மெல்லிய ஒரு நீர்ப்படலம் தெரிகிறதா? தண்ணீர் பனிக்கட்டியாகும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். உப்பெல்லாம் மிச்சத் தண்ணீரில் போய்ச் சேர்வதால், அது மைனஸ் 10 டிகிரியிலும் உறையாது. அங்கேதான் சைக்ரோபாக்டர் ஆர்க்டிகஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. சும்மா தூங்கவில்லை, அந்தக் குளிரிலும் வளரக்கூடியது.

குளிர் என்றதும் செல் உறைந்து வெடித்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த ஆபத்தும் உண்டு. ஆனால் அதற்கு முன்பே வந்துவிடும் தொல்லை விறைப்பு.

முதலில் விறைப்பது செல்லின் சவ்வு. அது கொழுப்பால் ஆனது, குளிர்ந்தால் இறுகும். இறுகினால் உணவு உள்ளே போகாது, கழிவும் வெளியேறாது. இதற்கு டீசாச்சுரேஸ் என்ற நொதி, அதாவது செல்லுக்குள் வேதிவினைகளை நடத்தும் புரதம், உதவுகிறது. நேராக நிற்கும் கொழுப்பு அமிலச் சங்கிலியில் அது ஓர் இரட்டைப் பிணைப்பைப் போடும். சங்கிலி அந்த இடத்தில் வளைந்துவிடும். வளைந்தவற்றை நெருக்கி அடுக்க முடியாது, அதனால் சவ்வு இளக்கமாகவே இருக்கும்.

அடுத்தது ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுவின் செய்தியைத் தாங்கிய நகல். குளிரில் அது தன்மேல் தானே மடிந்து சிக்கலாகிவிடும். பிறகு புரதம் செய்யும் ரைபோசோமால் அதைப் படிக்க முடியாது. குளிர் அதிர்ச்சிப் புரதங்கள் அந்தச் சிக்கலை அவிழ்த்து வைக்கின்றன. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவிடமும் இவை உண்டு. 37 டிகிரியிலிருந்து திடீரென 10 டிகிரிக்கு இறக்கினால், அது பதறியடித்து இவற்றைத் தயாரிக்கும். துருவத்து பாக்டீரியாவுக்கோ குளிர் தினசரி வாழ்க்கை.

[திரையில்: ஒரு புரதச் சங்கிலி மடிந்து உருண்டையாகிறது.]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நொதி வேலை செய்ய வேண்டுமானால் அது அசைய வேண்டும். லேசாகத் திறந்து மூட வேண்டும். குளிரில் அந்த அசைவு குறைந்துவிடும். இதற்காகப் புது நொதி எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பதையே கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

புரதச் சங்கிலியின் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள். அவற்றில் புரோலின் வளைய வடிவம் கொண்டது. அது இருக்கும் இடத்தில் சங்கிலி எளிதில் திரும்பாது. ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலமோ பக்கத்தில் இருப்பவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். டிஎன்ஏ நகலாகும்போது ஓர் எழுத்து மாறி, புரோலின் இருந்த இடத்தில் வேறொன்று வந்தாலே அந்த இடம் தளரலாம். பிழைதான், ஆனால் குளிரில் லாபமான பிழை. அது வாய்த்த செல் சற்றே வேகமாகப் பெருகும். அப்படியே எத்தனையோ தலைமுறைகள்.

சைக்ரோபாக்டரின் மரபணுத் தொகுப்பு பற்றி 2010இல் வெளியான ஆய்வில் இந்தத் தடயம் தெளிவாகத் தெரிந்தது. புரோலினும் ஆர்ஜினினும் குறைந்திருந்தன. அதுவும் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் இன்றியமையாத மரபணுக்களில்தான் மாற்றம் அதிகம். எது நின்றால் எல்லாம் நிற்குமோ, அங்கேதான் தளர்வு!

சரி, இதற்கு விலை இல்லையா? உண்டு. தளர்வான புரதம் சூட்டில் சீக்கிரம் உருக்குலையும். ஈ. கோலைக்கு இதமான 37 டிகிரியில் சைக்ரோபாக்டரால் வளர முடியாது.

கனடாவின் ஆர்க்டிக் மண்ணில் கிடைத்த பிளானோகாக்கஸ் ஹேலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியா இன்னும் ஒரு படி மேலே. மைனஸ் 15 டிகிரியில் பிரிந்து பெருகுகிறது. மைனஸ் 25இலும் அதன் வளர்சிதை மாற்றம் நடக்கிறது.

ஓரிரு மரபணுக்களால் அப்படி என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால், 2003இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்வேன். ஓலிஸ்பைரா அன்டார்க்டிகா என்ற பாக்டீரியா மண்ணில் அல்ல, அண்டார்க்டிக் கடலில் வாழ்வது. புரதங்களைச் சரியாக மடிக்க உதவும் அதன் இரண்டு மரபணுக்களை எடுத்து ஈ. கோலைக்குள் வைத்தார்கள். சாதாரண ஈ. கோலை சுமார் 8 டிகிரிக்குக் கீழே வளராமல் நின்றுவிடும். இது 4 டிகிரியில் வளர்ந்தது.