கொண்டைக்கடலைன்னு சொல்லு பார்ப்போம்: சிசிலிய மொழியின் கதை

(திரையில்: பலேர்மோ, தேவாலய வாசல், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை)

1282 மார்ச் 30, ஈஸ்டருக்கு மறுநாள். இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவுல இருக்கிற பலேர்மோ நகரம். அங்கே சாண்டோ ஸ்பிரிடோ தேவாலயத்துக்கு வெளியே, மாலை வழிபாட்டு நேரத்துல, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரா கலவரம் வெடிச்சது. உள்ளூர் ஆளாட்டம் நடிச்ச பிரெஞ்சுக்காரனை எப்படிப் பிடிச்சாங்க? கொண்டைக்கடலையைக் காட்டி, 'இதுக்கு என்ன பேரு?'ன்னு கேட்டாங்களாம். சிசிலியன்ல அது 'சீச்சிரி'. அந்த 'ச்' வாயில சரியா வரலைன்னா தலை தப்பாது. நடந்ததோ, பின்னாடி கட்டினதோ, சிசிலிக்காரங்க இந்தக் கதையை விட்டதே இல்லை.

சிசிலியனை இத்தாலியனோட கொச்சைன்னு நினைக்கிறவங்க நிறைய. ஆனா ரெண்டும் லத்தீனுக்குப் பிறந்த அக்கா தங்கச்சி. இத்தாலியனுக்கு அடிப்படை ஃப்ளாரன்ஸ் பக்கத்துப் பேச்சு.

(திரையில்: நாக்கு மடியும் படம்)

இத்தாலியன்ல அழகானவன் 'பெல்லோ'. சிசிலியன்ல 'பெட்டு'. இதை நம்ம 'பெட்டி' மாதிரி சொல்லிடாதீங்க. 'பஸ்'ல வர்ற ப, 'வண்டி'ல வர்ற ட. நாக்கை மடிச்சு, அந்த ட-வை அழுத்திச் சொல்லணும். குதிரை, 'கவால்லோ' இல்லை, 'கவாட்டு'. ஐரோப்பாவில அபூர்வமான சத்தம். வட இத்தாலி மிலான்காரருக்குத் தகராறு, நமக்குத் தண்ணி பட்ட பாடு.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. 827-ல அரபுப் படை வந்து இறங்குச்சு. கூடவே பாசன வித்தையும் வந்தது. இன்னைக்கும் ஆரஞ்சுத் தோட்டத்துல 'ஜெப்பியா'வோட மடையைத் திறந்தா, தண்ணி 'சாயா' வழியா ஓடி மரத்தோட வேருக்குப் போகும். ஜெப்பியா தொட்டி, சாயா வாய்க்கால், ஆரஞ்சுப் பூ 'ஸாகரா'. மூணுமே அரபிச் சொல்லு. ஆரஞ்சுங்கிற பேரும் அரபி, பாரசீகம், சமஸ்கிருதம்னு பின்னாடி போகுது. அதுக்கும் வேர் திராவிடம்தான், நம்ம நாரத்தையைப் பாருங்கன்னு சொல்ற அறிஞர்கள் உண்டு.

(திரையில்: பழைய கையெழுத்துப் பிரதி)

13-ஆம் நூற்றாண்டுல, சிசிலியை ஆண்ட ரெண்டாம் ஃபிரெடரிக் அரசவையில ஜாகோமோ டா லென்டினின்னு ஒரு பத்திர எழுத்தர். 14 அடியில பாடற சானெட் வடிவத்தை உண்டாக்கினவர்னு அவரைத்தான் சொல்றாங்க. அந்த அரசவைக் கவிஞர்களோட பாட்டெல்லாம் பெரும்பாலும், ஃப்ளாரன்ஸ் இருக்கிற டஸ்கனிப் பகுதிக்காரங்க எடுத்த பிரதியிலதான் மிஞ்சியிருக்கு. அவங்க தங்களோட ஊர் உச்சரிப்புக்கு மாத்தி எழுதிட்டாங்க. 'அவிரி', 'செர்விரி'ன்னு அழகா ஒத்துப்போன இயைபு, 'அவேரே', 'செர்வீரே' ஆகி உடைஞ்சுபோச்சு. ஆனா உடைஞ்ச அந்த இடமே, மூலம் சிசிலியன்னு காட்டிக்கொடுத்துடுச்சு.

இப்போ நிலைமை? யுனெஸ்கோ சிசிலியனை அழியும் ஆபத்துள்ள மொழிகளோட வரைபடத்துல சேர்த்திருக்கு. பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கணும்னு 2011-ல சிசிலி பிராந்தியம் ஒரு சட்டம் போட்டது. இத்தாலி அரசு 1999-லயே 12 சிறுபான்மை மொழிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தாச்சு. பலேர்மோ பக்கத்து மலையூர் பியானா டெலி அல்பனேசில பேசற அல்பேனியன் அந்தப் பட்டியல்ல இருக்கு. தீவு முழுக்கப் பேசற சிசிலியன் இல்லை. எனக்கு இது வேடிக்கையாத்தான் படுது.