டாக்டரின் டோக்கனை நர்ஸ் வைத்துக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் நேயர் கேட்டிருக்கிறார்: "போதைக்குத் தவறாகப் பயன்படக்கூடிய கட்டுப்பாட்டு மருந்துகளுக்கும் எலெக்ட்ரானிக் பிரிஸ்கிரிப்ஷன் வந்துவிட்டது. டாக்டருக்கு நேரமே இல்லை. அவருடைய டோக்கனை வைத்து நர்ஸே அனுப்பிவிட்டால் என்ன?" டோக்கன் என்றால் வரிசைச் சீட்டு இல்லை; அனுப்புவது இந்த டாக்டர்தான் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும் சின்னக் கருவி. இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அனுப்பக் கூடாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாத்திரை, எல்லாவற்றையும் நர்ஸ் தட்டி வைக்கலாம், தடையில்லை. கையெழுத்து மட்டும் டாக்டர்தான் போட வேண்டும். எப்போதும் சொல்வேனே, கையெழுத்து என்றால் ஆள். ஆள் வந்தாக வேண்டும். போதைமருந்து அமலாக்கத் துறையான டிஇஏ 2010-ல் கொண்டுவந்த விதி, இந்தக் கம்ப்யூட்டர் கையெழுத்துக்கு மூன்றில் இரண்டைக் கேட்கிறது: மனதில் இருக்கும் பாஸ்வேர்டு, கையில் இருக்கும் டோக்கன், உடம்பில் இருக்கும் கைரேகை மாதிரியான அடையாளம். பாஸ்வேர்டும் டோக்கனும் நர்ஸிடம் போய்விட்டால் கம்ப்யூட்டருக்கு அவர்தான் டாக்டர்.

நேரம்தான் பிரச்சினை என்றால், ஒரே நோயாளிக்கு நாலு மருந்து எழுதினாலும் ஒவ்வொன்றையும் பார்த்து 'சரி' என்று குறித்துவிட்டு, ஒரே தடவை டோக்கனைப் போட்டு அனுப்பலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு இடத்துக்கு இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுக்கப் போயிருந்தேன். டிராயரைத் திறந்தால் மூன்று டாக்டர்களின் டோக்கன்களும் ஒரே வளையத்தில் சாவிக்கொத்து மாதிரி கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு! "தொலையாமல் இருக்கத்தான் சார்" என்றார்கள். தொலைந்தால்கூட ஒரு வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இவ்வளவு பத்திரமாக இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மறுபடியும் என் பழைய பாட்டுதான்: வளையத்தில் டோக்கன் இருக்கிறது, ஆள் எங்கே?

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இன்னார் கையெழுத்துப் போடலாம் என்ற அனுமதியைக் கம்ப்யூட்டரில் திறந்துவிடுவது யார்? அதற்கு இரண்டு பேர் வேண்டும். உங்களைப் போன்ற கிளினிக்கில், ஒருவர் பதிவு செய்ததை இந்த மருந்துகளை எழுத டிஇஏ பதிவுள்ள இன்னொருவர் தன் டோக்கனைப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ஐடி பையன் ஒருவனே இரண்டையும் செய்ய முடிந்தால், அவன் நினைத்தவரெல்லாம் டாக்டர்.

அப்புறம், டாக்டர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அந்த அனுமதியை எடுத்துவிட வேண்டும். உங்கள் கிளினிக்கிலிருந்து கடைசியாக விலகியவரின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா? நாளை காலை போனதும் முதலில் அதைப் பாருங்கள். டோக்கன் கதையை அப்புறம் பேசலாம்.