பார்க்காமல் ஒன்று, பார்த்து ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்காக இந்தப் பேச்சு. மற்றவர்களும் தாராளமாகக் கேட்கலாம். படம் வரைய வைத்து இயற்கையைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். எனக்கு வரையவே வராதே என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். படம் அழகாக வரவேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது.

ஓர் எறும்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு கால். எல்லோருக்கும் தெரியும். சரி, அந்த ஆறும் உடம்பில் எந்த இடத்திலிருந்து புறப்படுகின்றன? யோசிக்கிறீர்கள் அல்லவா? பிள்ளைகள் யோசிப்பதே இல்லை. மூன்று உருண்டை போட்டு, உருண்டைக்கு இரண்டு கால் வீதம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நியாயமான பங்கீடுதான்! ஆனால் ஆறும் நடுவில், மார்புப் பகுதியில்தான் இருக்கின்றன. ஈ, வண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் அப்படியே. இறக்கை இருந்தால் அதுவும் மார்பில்தான்.

இதை வாயால் சொன்னால் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். அதனால் இரண்டு படம் வரையச் சொல்லுங்கள். பார்க்காமல் ஒன்று, பார்த்து ஒன்று. முதலில் நினைவிலிருந்து ஐந்து நிமிடம். அதைத் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள், தாளைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு பூச்சியை முன்னால் வைத்து இரண்டாவது படம். ஜன்னலோரம் செத்துக் கிடக்கிற ஈ போதும். உயிருள்ள எறும்பானால் கண்ணாடிக் குப்பியில் பத்து நிமிடம், நிழலில். வெயிலில் வைத்தால் குப்பி சூடேறி எறும்பு செத்துவிடும். முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு பூதக்கண்ணாடி, ஒரு 2பி பென்சில். அழிப்பானை மட்டும் ஒளித்து வையுங்கள். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பிள்ளையின் கண் பூச்சியை விட்டுத் தாளுக்குப் போய்விடும். எறும்பு தாளில் பாதியையாவது நிரப்பட்டும். எறும்பளவுக்கே வரைந்தால் கால் வைக்க இடமிருக்காது. கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசத்தைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருப்பதும், ஈக்கு இரண்டே இறக்கை என்பதும் அப்போதுதான் தெரியவரும். சின்னவனுக்குக் காலை எண்ணினால் போதும். பெரியவள் உறுப்புகளின் பெயரும் எழுதட்டும். ஒரே மேசை, ஒரே ஈ.

பார்க்காமல் வரைந்தால் பெரிய ஓவியருக்கும் இதே கதிதான். 1515-இல் ஒரு காண்டாமிருகம் இந்தியாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. குஜராத் சுல்தான் கொடுத்த மிருகம், போர்ச்சுகல் மன்னருக்குப் போனது. ஊரே வேடிக்கை பார்த்தது. ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் டியூரர் மட்டும் பார்க்கவில்லை. அவர் கைக்கு வந்தது ஒரு வர்ணனையும், வேறொருவர் வரைந்த படமும்தான். அதை வைத்தே மரக்கட்டை அச்சில் ஒரு காண்டாமிருகம் போட்டார். மேலே கவசத் தகடு மாட்டிய மாதிரித் தோல், காலெல்லாம் செதில், போதாததற்குக் கழுத்துக்குப் பின்னால் முதுகில் ஒரு குட்டிக் கொம்பு! அப்படியொரு கொம்பு எந்தக் காண்டாமிருகத்துக்கும் இல்லை. அந்தக் குட்டிக் கொம்பைப் பிறகு வந்த ஓவியர்களும் இருநூறு வருஷத்துக்கு மேல் விடாமல் போட்டுவந்தார்கள். படத்தைப் பார்த்துப் படம் போட்டால் தப்பும் சேர்ந்தே வரும். ஆகவே போனில் ஒரு படத்தைக் காட்டி, இதைப் பார்த்து வரை என்று சொல்லாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பொருள் கண்முன்னே இருக்கவேண்டும்.

அடுத்தது இலை. ரோஜாச் செடியில் ஒரே ஒரு இலையைப் பறித்துவரச் சொல்லுங்கள். பிள்ளை கொண்டுவருவது பெரும்பாலும் இலையாக இருக்காது. அது சிற்றிலை. ரோஜாவில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் சேர்ந்ததுதான் ஓர் இலை. எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டோடு சேர்த்து வரையச் சொல்லுங்கள். இலைக்காம்பு தண்டில் சேர்கிற கக்கத்தில் ஒரு கோணமொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. "அழகா இருக்கே" என்று பாராட்டுவதை விட, "மொட்டு எங்கே?" என்று கேளுங்கள். பிள்ளை திரும்பவும் செடியிடம் ஓடும்.

வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. ஒரே மொட்டைத் தினம் ஒரே நேரத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு தாளை எட்டாக மடித்து, இரண்டு நாளுக்கு ஒரு கட்டம் வரையட்டும். தேதியும், அளவுகோலால் அளந்த நீளமும் கட்டாயம். இதில் இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, எந்த மொட்டு என்பதே மறந்துபோகும். மொட்டுக்குக் கீழே வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இறுக்கினால் தண்டு பருக்கும்போது வெட்டும். இன்னொன்று, ஒருநாள் பெரிதாகவும் ஒருநாள் சின்னதாகவும் வரைந்தால் மொட்டு வளர்ந்ததா என்றே தெரியாது. செடியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தாளில் இரண்டு என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இலையைத் தாளுக்கடியில் வைத்துக் க்ரேயானால் தேய்ப்பது பலருக்கும் தெரியும். அடிப்பக்கம் மேலே இருக்கட்டும், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். க்ரேயானின் உறையை உரித்துப் படுக்கவைத்துத் தேய்க்கவேண்டும். காய்ந்த இலை நொறுங்கும், புது இலையே நல்லது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வண்ணங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீலச் சங்குப்பூ ஒரு கைப்பிடி, வெந்நீர் கால் டம்ளர், பத்து நிமிடம் ஊறட்டும். வெந்நீரை நீங்களே ஊற்றுங்கள். அந்த நீலத்தைத் தூரிகையால் தாளில் பூசி, ஈரம் காயுமுன் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அந்த இடம் ஊதாவாகும், இன்னும் கொஞ்சம் வைத்தால் இளஞ்சிவப்பாகும். ஏன் என்று பிள்ளை கேட்டால் அமிலம் பற்றிய பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம். தாளை வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், நிறம் வெளுத்துப்போகும். வணக்கம்.