8.7 மார்க்கு 10 ஆன கதை

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் 21, உலக இசை நாள் வந்தா நம்ம பாண்டில தெருவுல நின்னு பாடுறோம்ல, அங்க கிடார் தூக்குற பசங்க சில பேர் சொந்தமா ஆல்பம் போடுறாங்க, மறுநாளே யாரோ "சுமார்"னு எழுதிட்டா அதோட சோர்ந்து உக்காந்துடுறாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நியூட்ரல் மில்க் ஹோட்டல்னு அமெரிக்காவுல ஒரு இண்டி ராக் பேண்ட், அதாவது பெரிய கம்பெனி தயவு இல்லாம சொந்தமா ராக் பாட்டு போடுற குழு. 1998 பிப்ரவரில அவங்களோட ரெண்டாவது ஆல்பம் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' வந்துச்சு, மெர்ஜ்ங்கற சின்ன கம்பெனி வெளியிட்டது. எழுதிப் பாடினவர் ஜெஃப் மேங்கம். ஹிட்லர் காலத்துல ஒளிஞ்சு வாழ்ந்து, முகாம்ல செத்துப்போன யூதப் பொண்ணு ஆன் ஃபிராங்க் எழுதின டைரிய படிச்சிட்டு அந்தப் பொண்ணு நினைப்பு மனச விட்டுப் போகாமத்தான் இதுல பல வரிங்கள எழுதியிருக்காரு. சத்தத்தச் சொல்லணும்னா, சாதாரண அக்கூஸ்டிக் கிடார்தான், ஆனா ரெக்கார்டிங்ல சத்த லெவல ஏத்தி வேணும்னே கரகரன்னு விட்டிருக்காங்க, அதுக்கு மேல டிராம்போன்ங்கற ஊதுற வாத்தியம், அப்புறம் மரம் அறுக்கிற ரம்பம் இருக்கு பாருங்க, அத வளைச்சுப் பிடிச்சு வயலின் வில்லால தேய்க்கிறாங்க, யாரோ தூரத்துல அழுதுகிட்டே பாடுற மாதிரி வருது, எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

வந்தப்போ ரோலிங் ஸ்டோன்ங்கற இசைப் பத்திரிகை 5க்கு 3 ஸ்டார் குடுத்துச்சு. ஆல்பங்களுக்கு மார்க் போடுற பிட்ச்ஃபோர்க் வெப்சைட் 10க்கு 8.7. டூர் முடிஞ்சதும் மேங்கம் ஒதுங்கிட்டாரு, அடுத்த ஆல்பமே வரல. ஆனா கேட்டவங்க விடல, ஃப்ரெண்டு கையில திணிச்சு, "நீ கேளுடா"ன்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. 2005ல மறுவெளியீடு வந்தப்ப அதே பிட்ச்ஃபோர்க் 10க்கு 10 போட்டுச்சு! ஒரு வரி மாத்தல, ஒரு நோட் மாத்தல, அதே ரெக்கார்டிங்.

விமர்சகர நான் திட்ட வரல. ஆல்பம் வந்த வேகத்துலயே அவர் எழுதிக் குடுத்தாகணும், இந்தக் கரகரப்பும் தொண்ட கிழியக் கத்துற குரலும் முதல் தடவ யாருக்கும் கஷ்டம்தான், நாலஞ்சு வாட்டி கேட்டாத்தான் உள்ள எறங்கும். அதனால தம்பிங்களா, தங்கச்சிங்களா, முதல் வாரத்து மார்க்கப் பாத்து போட்ட பாட்ட டெலீட் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு.

இப்ப முழு ஆல்பத்தையும் போடப்போறோம், 11 பாட்டு, சுமார் 40 நிமிஷம். எட்டாவது பாட்டு எட்டு நிமிஷத்துக்கு மேல, ஒரே டேக்ல, நடுவுல நிறுத்தாம பாடினது. முடியறப்ப பின்னாடி ஒரு ஆள் அசந்துபோய் கத்துறது அப்படியே பதிவாகியிருக்கு, கவனமா கேளுங்க.