தகரக் கூட்டுக்குள் காற்று

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடியேட்டர் இல்லாத கார்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பழைய போர்ஷே 911, இத்தாலியில் 1957இல் வந்த ஃபியட் 500, பிரான்சின் சிட்ரோயன் 2சிவி, அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெயர் எல்லாம் இந்த வகை. இவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்ஜினின் சூட்டை வெளியே கொண்டுபோவது காற்றும் ஆயிலும்தான். எனக்குக் கைப்பழக்கம் உள்ளது பீட்டில் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன்.

'ஏர்கூல்டு' என்றதும் நமக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். புல்லட்டின் சிலிண்டர் வெட்டவெளியில் நிற்கிறது, வண்டி ஓட ஓடக் காற்று வந்து மோதுகிறது, சூடு போய்விடுகிறது. பீட்டிலின் கதை வேறு. இன்ஜின் காரின் பின்பக்கத்தில், மூடி போட்ட ஓர் அறைக்குள் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் எதிர்க்காற்று நேராகச் சிலிண்டரைத் தொடாது. நம் பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்னால் ஒளிந்திருக்கும் இன்ஜினுக்கு ஒரு ஃபேன், ஃபேனைச் சுற்றி ஒரு கூடு, சிலிண்டரை மூடி இன்னொரு கூடு. பீட்டிலிலும் அதே ஏற்பாடுதான், அளவுதான் பெரியது.

ஏன் இத்தனை ஏற்பாடு என்றால், காற்று சூட்டைச் சுமப்பதில் ரொம்ப மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறதோ, அதை வாங்க ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று வேண்டும். அதனால் பீட்டிலின் ஃபேன் அசுரத்தனமாக இழுக்கிறது. 1500, 1600 சிசி இன்ஜின்களில், நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது, வினாடிக்கு 500 லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ளுகிறது. இவ்வளவு காற்றும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வெறும் வாயால் அடுப்பை ஊதினால் சாம்பல்தான் பறக்கும், ஊதுகுழலை வைத்து ஊதினால்தான் கங்கு பிடிக்கும். அந்தக் குழல் வேலையைப் பார்ப்பவை இன்ஜினைச் சுற்றி இருக்கும் கறுப்புத் தகடுகள்.

காற்றின் பாதையைச் சொல்கிறேன். பின் கண்ணாடிக்குக் கீழே வரிசையாகக் கீற்றுகள் இருக்கும். காற்று அவற்றின் வழியே இன்ஜின் அறைக்குள் இறங்குகிறது. நடுவில் நிற்கும் பெரிய ஃபேன் கூட்டின் முன்பக்கத்தில் ஒரு வட்டத் துளை. அதன் வழியே ஃபேன் காற்றை இழுத்து இடமும் வலமுமாகப் பிரித்து அனுப்புகிறது. இந்தப் பக்கம் இரண்டு சிலிண்டர், அந்தப் பக்கம் இரண்டு. காற்று சிலிண்டர், அதன் முனையை மூடும் ஹெட் இரண்டின் ஃபின்களுக்கும், அதாவது சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் மெல்லிய விளிம்புகளுக்கும், ஊடே மேலிருந்து கீழாக நுழைந்து, வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. சிலிண்டருக்கு அடியிலும் சின்னத் தகடுகள் உண்டு. காற்று ஃபின்களின் கீழ்ப்பாதியையும் தழுவிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக வைத்தவை. பழைய இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது 'இது எதற்கு' என்று முதலில் தூக்கி எறியப்படுவதும் இவைதான்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒரே விஷயம். இன்ஜினைச் சுற்றியுள்ள தகடு அந்த இடத்தை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே வெந்த காற்று. சைலன்சரும் கீழேதான். தகட்டுக்கும் காரின் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் ஒரு ரப்பர் பீடிங் அடைக்கிறது. அந்த ரப்பர் காய்ந்து ஒரு கையளவு போய்விட்டது என்று வையுங்கள். ஃபேன் இழுக்கும் இழுப்பில் கீழே இருக்கும் சூடான காற்று அந்த ஓட்டை வழியே மேலே வந்துவிடும். ஒருமுறை இன்ஜினைச் சுற்றி வந்த காற்றையே மறுபடியும் அதற்குக் கொடுக்கிறோம். கார்புரேட்டரும் அதே அறையிலிருந்துதான் மூச்சு விடுகிறது என்பதால் இழுவையும் குறையும்.

ஸ்பார்க் பிளக்கின் வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. விலை ஒன்றும் பெரிதில்லை. அது இல்லாவிட்டால் ஹெட்டுக்குப் போக வேண்டிய காற்று அங்கேயே பீய்ச்சி வெளியேறிவிடும். பின் தகட்டில் ஹீட்டர் குழாய்களுக்கான துளைகள் இருக்கும். வெப்ப நாட்டில் ஹீட்டர் எதற்கு என்று குழாயைக் கழற்றுகிறவர்கள் துளையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சைலன்சரின் சூடு அது வழியாக நேராக மேலே ஏறும். 'பீட்டில் சூடாகிறது' என்று வரும் வண்டிகளைக் குனிந்து பார்த்தால் பாதிக்குமேல் இந்த மாதிரி ஓட்டைகள்தான். கார்க்காரர் ஆயில் மாற்றியிருப்பார், கார்புரேட்டர் மாற்றியிருப்பார், ரப்பரைத் தொட்டிருக்க மாட்டார்.

ஆயில் கூலர் விஷயம் சுவாரஸ்யமானது. பழைய பீட்டில்களில் அது ஃபேன் கூட்டுக்கு உள்ளேயே, இடப்பக்கச் சிலிண்டர்களுக்கு மேலே, செங்குத்தாக நிற்கும். ஆயிலைக் குளிரவைத்துச் சூடாகிப்போன காற்று அதற்குக் கீழே உள்ள மூன்றாம் சிலிண்டருக்குப் போகிறது. காற்றின் அளவும் அங்கே குறைவு. நான்கு பேர் சாப்பிடும் பந்தியில் மூன்றாம் இலைக்கு மட்டும் எச்சில் சோறு. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு உடைந்து இன்ஜினே வீணானது உலகம் பூராவும் பீட்டில் மெக்கானிக்குகள் அறிந்த கதை. தொழிற்சாலைக்கும் இது தெரியாமல் இல்லை. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமாகவே விழும்படி செய்திருந்தார்கள். 1971 மாடலில்தான் மருந்து வந்தது. ஆயில் கூலரைக் கூட்டுக்கு வெளியே நகர்த்தி, அதற்குத் தனி வீடு கட்டி, ஃபேனையும் அகலமாக்கி, கூலரில் சூடான காற்றைத் தனிக் குழாயில் வெளியே தள்ளினார்கள். என் பார்வையில் பீட்டிலின் இன்ஜினில் நடந்த திருத்தங்களில் இதுதான் உருப்படியானது. பழைய வண்டியை நம் ஊர்ச் சூட்டில் தினமும் ஓட்ட நினைப்பவர்கள் அந்தக் கூட்டையே தேடிப் பொருத்துவது நல்லது. ஆனால் கடையில் பளபள குரோமில் கிடைக்கும் மலிவுக் கூடுகள் சிலவற்றில் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் தடுப்புகளே இருக்காது. வாங்குமுன் உள்ளே எட்டிப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றியும் சொல்ல வேண்டும். வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் சின்னத் துருத்தி போன்ற ஒன்று இருக்கும். சூடேறினால் அது விரியும், ஃபேன் கூட்டுக்குள் இருக்கும் மடல்கள் திறக்கும். காலையில் இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும் என்று வைத்தது. 'நமக்கு எதற்கு' என்று மடல்களோடு சேர்த்துப் பிடுங்கிவிடும் பழக்கம் இருக்கிறது. துருத்தி கெட்டுப்போனாலும் மடல்கள் திறந்த நிலைக்குத்தான் போகும்படி செய்திருக்கிறார்கள். அதனால் அதைப் பிடுங்கி அடையும் லாபம் எனக்குப் புரியவில்லை. குளிர்ந்த ஆயிலோடு அதிக நேரம் ஓடினால் தேய்மானம் கூடும், அவ்வளவுதான் மிச்சம்.

சரி, ஃபேனைச் சுற்றுவது யார்? டைனமோ. அதன் ஒரு முனையில் ஃபேன், மறுமுனையில் பெல்ட். மற்ற கார்களில் டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுவோம். பீட்டிலில் அப்படி ஓட்டினால் வீடு போய்ச் சேர மாட்டோம். விளக்கு எரிகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம், பெல்ட் அறுந்தால் ஃபேன் நிற்கும், சில நிமிடத்தில் ஹெட் வெந்துவிடும். அந்த இடத்திலேயே ஓரம் கட்ட வேண்டும். இந்த வகையில் சிட்ரோயன்காரர்கள் புத்திசாலிகள். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 2சிவியில் ஃபேனை இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே மாட்டிவிட்டார்கள். பெல்ட்டே இல்லை, அறுவதற்கும் ஒன்றுமில்லை. நேர்மாறானது கார்வெயர். 1960 மாடலாக வந்த அந்தக் காரில் ஃபேன் இன்ஜினுக்கு மேலே படுத்த நிலையில் சுற்றும். பெல்ட் செங்குத்தாகக் கிளம்பி, மடங்கித் திரும்பி, கிடைமட்டமாக ஓட வேண்டும். பெல்ட் கழன்று விழுவதற்குப் பேர்போன கார். உபரி பெல்ட் இல்லாமல் அதன் சொந்தக்காரர்கள் வெளியூர் கிளம்ப மாட்டார்கள்.

ஃபேனின் வேகம் இன்ஜினின் வேகத்தோடு கட்டுண்டது என்பதை ஓட்டுபவர் மறக்கக்கூடாது. மலையேற்றத்தில் டாப் கியரிலேயே முக்கி முனகி இழுத்தால், இன்ஜின் அதிக சூட்டைக் கக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஒரு கியர் குறைத்து, சத்தம் கூடினாலும் பரவாயில்லை என்று ஓட்டினால் காற்று தாராளமாகக் கிடைக்கும். இன்ஜினுக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து டாப் கியரில் ஏறுபவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். இதே காரணத்தால், கிராங்க்கில் சின்னப் புல்லி மாட்டிச் சக்தியைக் கூட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். பெல்ட் மெதுவாக ஓடும், ஃபேன் வேகம் போய்விடும். கால் மைல் பந்தயத்துக்குச் சரி, கடைவீதிக்குச் சரிவராது.

இதையெல்லாம் கேட்டால் இந்தக் கார்கள் வெயிலுக்கு லாயக்கில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியர் ஓட்டிய கூபெல்வாகன் என்ற ராணுவ வண்டி, பீட்டிலின் இன்ஜினைக் கொண்டதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் காரில் ரேடியேட்டர் 95 டிகிரியில் இருக்கிறது, வெளியே 35 டிகிரி. வித்தியாசம் 60. வெயில் 45க்கு ஏறினால் அதில் 10 போய்விடுகிறது, ஆறில் ஒரு பங்கு. ஏர்கூல்டு ஹெட் 200 டிகிரியை ஒட்டி ஓடினால் வித்தியாசம் 165. அதில் 10 குறைந்தால் பதினாறில் ஒரு பங்குதான் நஷ்டம். ஆக, வெயில் ஏறினால் ஹெட் அவ்வளவாகக் கவலைப்படாது. ஆயில்தான் கவலைப்படும், அதன் சூடு தண்ணீரின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால். ஊட்டி மலைப் பாதையில் பானெட்டைத் திறந்துவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற அம்பாசிடர்களைப் பார்த்த தலைமுறைக்கு, கொதிக்கத் தண்ணீரே இல்லாத கார் ஒரு வரம்தான்.

இருந்தும் இந்த வகை ஓய்ந்தது. போர்ஷே 911, ஆயிலையே பெரிய குளிர்விப்பானாகப் பயன்படுத்திக்கொண்டு 1998 வரை தாக்குப்பிடித்தது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்க வேண்டும் என்றபோது அந்த நெருக்கடியான ஹெட்டிலிருந்து சூட்டை எடுக்கக் காற்றால் முடியவில்லை, புகை விதிகளும் இறுகின. மெக்சிகோவின் பூயெப்லாவில் கடைசிப் பீட்டில் 2003 ஜூலையில் வெளிவந்தது. பிரேசிலின் ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேன் 2005 முடியும்வரை ஏர்கூல்டாகவே வந்தது.

பீட்டில் வைத்திருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி. பின் மூடியின் கீழ்ப்பக்கத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து ஓட்டினால் குளிருமா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓடும் வண்டியின் வால் பகுதியில் காற்றழுத்தம் குறைவு. அடியிலிருந்து வெளியேறும் சூடும் எக்ஸாஸ்ட் புகையும் அங்கேதான் சுழன்றுகொண்டிருக்கும். அந்த இடத்தில் வாயைத் திறந்து வைப்பானேன்? அதைவிடக் கண்ணாடிக்குக் கீழே உள்ள கீற்றுகளே நல்லது. இலை தழை அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். மேல்மடிப்புத் துணிக்கூரை வைத்த கன்வர்ட்டிபிளில் அந்தக் கீற்றுகளுக்கு இடமில்லாததால்தான் மூடியிலேயே வெட்டு வைத்தார்கள், 1970களில் மற்ற மாடல்களுக்கும் அது வந்தது. உங்கள் வண்டிக்கு இன்னும் காற்று வேண்டும் என்று தோன்றினால் அப்படிப்பட்ட மூடியை மாட்டுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வயர் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை இன்ஜின் அறைக்குள், ஃபேன் வாய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெளியே உள்ள சூட்டோடு ஒப்பிடுங்கள். சில டிகிரி கூடுதல் என்றால் பரவாயில்லை. இருபது, முப்பது டிகிரி கூடுதல் என்றால் கீழ் அறை மேல் அறைக்குள் கசிகிறது. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் அடியில் ஒரு விளக்கை வைத்து, மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம். வணக்கம்.