நெஞ்சைத் தட்டிப் பார்த்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் பலாப்பழக் காலம் வந்துவிட்டால், பழம் வாங்குகிறவர்கள் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பழுத்ததற்கு ஒரு சத்தம், காய்க்கு வேறு சத்தம். நெஞ்சக நோய் மருத்துவனான நானும் தினமும் அதையேதான் செய்கிறேன், நோயாளியின் முதுகில். 1761-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரிய மருத்துவர் அவுன்ப்ருக்கர். அவர் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிப்பதைச் சிறு வயதில் பார்த்துக் கற்றவர் என்பார்கள். எக்ஸ்ரே வந்தது 1895-இல்தான்.

நல்ல நுரையீரலின் மேல் தட்டினால் ஒலி நிறைவாக எழும். நீர் கோத்திருந்தால் ‘தொப்’ என்று அடங்கிவிடும். வெறும் காற்று அடைத்திருந்தால் பறைபோல அதிரும்.

அந்தப் பறை ஒலியை ஒரு மே மாதம், ஏற்காடு கோடை விழா நாட்களில் கேட்டேன். மலையிலிருந்து இறங்கிய 24 வயது இளைஞர் கொண்டை ஊசி வளைவில் வண்டியோடு சறுக்கி விழுந்திருக்கிறார். கைப்பிடி நெஞ்சில் இடித்திருக்கிறது. ஒரு துளி ரத்தம் இல்லை. நண்பர்கள் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டார்கள். மறுநாள் மாலை மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டவே, என்னிடம் வந்தார். இடப்பக்கம் தட்டினேன், அதிர்ந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் மூடிய கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஒடிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் குத்தி, கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்து அதை அமுக்கியிருந்தது.

மருந்து மாத்திரையில் இது தீராது. மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செலுத்தினோம். அதன் மறுமுனை, தரையில் வைத்த பாட்டிலில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். காற்று குமிழ் குமிழாக வெளியேறும். தண்ணீர் தடுப்பதால் திரும்ப உள்ளே போகாது. எவ்வளவு எளிய ஏற்பாடு! அவருடைய அம்மா, பாட்டில் தரையில் கிடப்பது பொறுக்காமல் அதைக் கட்டில் மேல் தூக்கி வைக்கப் போனார். ஓடிப் போய்த் தடுத்தேன். பாட்டில் நெஞ்சுக்கு மேலே உயர்ந்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்துவிடும். நான்காம் நாள் குமிழ் நின்றது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது. குழாயை எடுத்தோம்.

எல்லோருக்கும் ஒரு நாள் அவகாசம் கிடைப்பதில்லை. சிலருக்கு ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே ஏறிக்கொண்டே போகும், இதயத்தையே நெருக்கிவிடும். உதடு நீலம் பாய்ந்து, மயக்கம் வந்தால் நிமிடக் கணக்குதான். அடிபட்டவரை பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து 20 வளைவுகளையும் தாண்டிச் சேலத்துக்குக் கொண்டு வருகிறார்கள். வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கம்பியோ கண்ணாடியோ நெஞ்சில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டம் நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

விலா எலும்பு விரிசலுக்குத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. கட்டினால் வலி குறையும், உண்மைதான். ஆனால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது. சளி தங்கி நிமோனியா வரும், வயதானவர்களுக்குச் சீக்கிரம் வரும். வலி மாத்திரை சாப்பிட்டு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக இருமிச் சளியை வெளியேற்றுங்கள். எலும்பு ஆறு வாரத்தில் தானே கூடிவிடும்.

அடிபடாமலே வரும் நெஞ்சு நோய்களில் என் விரலைவிட உங்கள் வாய்தான் எனக்கு உதவும். “என்ன வேலை?” என்று கேட்டால் பாதிப் பேர் “கூலி” என்று முடித்துவிடுகிறார்கள். கல் குவாரியில் துளை போடுகிறேன், கிரஷரில் ஜல்லி உடைக்கிறேன் என்று சொல்லுங்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ், எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியும். அந்த நோய் உள்ளவரைக் காசநோய் எளிதாகப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். மலைக்கிராமத்துப் பெண்கள் சிலர், பீடியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், மூச்சிரைத்துக்கொண்டு வருகிறார்கள். முப்பது வருட விறகடுப்புப் புகை. அதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுங்கள். காசநோய் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டாம் மாதமே பசி எடுக்கும், எடை கூடும். அப்போதுதான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கி எறியாதீர்கள். சென்ற வருடம் மலையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் நுரையீரலில் சிறு கட்டி தெரிந்தது. புற்றுநோயோ என்று ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க நினைத்திருந்தேன். அவர் மகள், காப்பிக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லி, ஓரம் கிழிந்த ஓர் உறையை நீட்டினாள். எட்டு வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே. வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். அதே இடம், அதே அளவு, எப்போதோ ஆறிப்போன ஒரு தழும்பு. அன்றே அவர்கள் மலைக்குத் திரும்பினார்கள்.