கேட்பாரற்ற மனுக்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் புரட்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டிய நிகழ்ச்சிதான். வரிச்சுமை தாங்காமல் மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், வட அமெரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 13 குடியேற்றங்களிலும் வாழ்ந்தவர்கள் கட்டிய வரி, இங்கிலாந்தில் வாழ்ந்தவர்கள் கட்டியதைவிட மிகக் குறைவு. 1773-ல் வந்த தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையை இறக்கத்தான் செய்தது. அப்படியிருந்தும் ஏன் புரட்சி மூண்டது? குறையைச் சொல்லிக்கொள்ள இருந்த இடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்றைய உரை அதைப் பற்றித்தான்.

1763-ல் ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரான்சை வென்றுவிட்ட பிரிட்டனுக்குக் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. வட அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்திவைக்கவும் லண்டன் முடிவு செய்தது. அந்தச் செலவில் ஒரு பங்கை அங்கே இருப்பவர்களும் ஏற்கட்டுமே என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். லண்டனில் இருந்து பார்த்தால் இது நியாயமான பேச்சுதான்.

1764-ல் கரும்புப்பாகின் மீதான சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் அதுவரை பெயரளவில் இருந்த வசூலைக் கெடுபிடியாக்கினார்கள். கடத்தல் வழக்குகளை ஜூரிகள் இல்லாத கடல்சார் நீதிமன்றத்தில், தொலைவில் உள்ள ஹாலிஃபாக்ஸ் நகரிலும் விசாரிக்கலாம் என்று ஆக்கினார்கள். ஊரார் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வழக்கைக் கேட்கும் உரிமையைத் தங்கள் பாட்டன் சொத்தாக நினைத்தவர்களுக்கு இது பெரிய அடி.

அடுத்த ஆண்டு முத்திரைத்தாள் சட்டம் வந்தது. நிலப் பத்திரம், உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. வக்கீல், அச்சகக்காரர், சாராயக்கடைக்காரர் என்று, ஊரில் அதிகம் பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள், ஆள் கூடும் இடத்தை நடத்துகிறவர்கள் எல்லோரையும் அது ஒரே நேரத்தில் தொட்டது. மசோதா நிலையிலேயே குடியேற்றங்கள் மனு அனுப்பின. வரி மசோதாவை எதிர்த்து மனு வாங்கும் வழக்கம் இல்லை என்று சொல்லி, நாடாளுமன்றம் அவற்றைக் கையில் வாங்கவே இல்லை. அப்புறம் தெருவில்தான் பேச்சு நடந்தது. 1765 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்பனை அதிகாரி ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஒரு மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவியே வேண்டாம் என்று விலகினார். பல ஊர்களில் இதே கதைதான். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. ரத்தான கையோடு, குடியேற்றங்களை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டுக்கொண்டது. பணத்தகராறு அதிகாரத் தகராறாக மாறியது அங்கேதான்.

1767-ல் கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலை மீது புதிய சுங்கம். பாஸ்டன் நகரம் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டசபை, இதை எதிர்த்து மற்ற குடியேற்றங்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதியது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று லண்டன் உத்தரவு போட்டது. சபை உறுப்பினர்களில் 92 பேர் முடியாது என்றார்கள், 17 பேர்தான் இணங்கினார்கள். சபை கலைக்கப்பட்டது. 1768 அக்டோபரில் படைகள் பாஸ்டனில் வந்து இறங்கின. 1770 மார்ச் 5 அன்று அந்தப் படைவீரர்கள் சுட்டதில் 5 பேர் உயிரிழந்தனர்.

தேயிலை விவகாரத்தில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1769-ல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்துவிட்டார் என்ற செய்தி லண்டனை எட்டியதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் சரிந்தன. அடுத்து வங்கத்தில் கொடும் பஞ்சம். கடனில் மூழ்கிய கம்பெனியைத் தூக்கிவிடத்தான், தேங்கிக்கிடந்த தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்க அனுமதி கொடுத்தார்கள். சரக்கு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கிக் குடித்தால் 1767-ல் தேயிலை மீது போட்ட சுங்கத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அங்கே உள்ளவர்கள் பார்த்தார்கள். ஜான் டிக்கின்சன் என்ற பென்சில்வேனியா வக்கீல், வங்கத்தில் பட்டினியால் மாண்டவர்களைச் சுட்டிக்காட்டி, அதே கம்பெனி இப்போது நம்மிடம் வருகிறது என்று எச்சரித்து எழுதினார். 1773 டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போனது.

அந்தச் செய்தி லண்டனை எட்டிய சில நாட்களில் நடந்த ஒரு விசாரணையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கள் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனை மாற்ற வேண்டும் என்று மாசசூசெட்ஸ் சபை அரசருக்கு மனு அனுப்பியிருந்தது. அது 1774 ஜனவரி 29 அன்று அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் முன் வந்தது. சபையின் சார்பில் நின்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின், அப்போது 68 வயது. கவர்னரின் பழைய கடிதங்களை அவர் பாஸ்டனுக்கு அனுப்பிவிட்டார் என்ற கோபம் ஏற்கெனவே இருந்தது. அரசு வழக்கறிஞர் அலெக்சாண்டர் வெட்டர்பர்ன் மனுவை விட்டுவிட்டு மனுக்கொடுத்தவரைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் திருடன், மானமற்றவன் என்ற தொனியில் வசை. சுற்றியிருந்த பிரபுக்கள் சிரித்து ரசித்தார்கள். பிராங்க்ளின் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். மனு தள்ளுபடி ஆனது. அவருடைய அஞ்சல் துறைப் பதவியும் பறிபோனது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் உடையக் கூடாது என்று அதுவரை பாடுபட்ட மனிதர் அவர். குறை சொல்வதையே குற்றமாக்கினால் நம்பிக்கை அற்றுப்போகும் என்று பின்னர் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

தேயிலைக்குத் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். கவர்னர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஊர்க்கூட்டம் கூடாது என்றும் சட்டம் வந்தது. ஊர்க்கூட்டத்தில்தான் அந்த மக்கள் பாதை போடுவது முதல் பள்ளி ஆசிரியரை நியமிப்பது வரை எல்லாம் பேசி முடிவெடுத்து வந்தார்கள்.

இதற்குப் பதில் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் என்ற ஊரில் கிடைத்தது. 1774 செப்டம்பர் 6 அன்று நீதிமன்றம் கூட வேண்டிய நாள். சுற்றியுள்ள 37 ஊர்களில் இருந்து 4,622 ஊர்ப்படையினர் வந்து தெருவின் இரு பக்கமும் வரிசை கட்டி நின்றார்கள். அரசர் பெயரால் பதவி வகித்த நீதிபதிகளும் அலுவலர்களும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே நடந்தார்கள். கடைசி ஆள் வரை காதில் விழ வேண்டும் என்பதற்காக, பதவி விலகும் அறிக்கையை முப்பது முறை போல வாசிக்க வைத்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. லெக்சிங்டன் என்ற ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு, போர் தொடங்கியது ஏழு மாதம் கழித்து, 1775 ஏப்ரல் 19 அன்று. என்னைக் கேட்டால் புரட்சி வூஸ்டர் தெருவிலேயே நடந்து முடிந்துவிட்டது என்பேன்.

போர் தொடங்கிய பிறகும், 1775 ஜூலையில், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பணிவாக ஒரு மனு அனுப்பியது. மன்னர் அதை வாங்கவில்லை. அவர்கள் கலகக்காரர்கள் என்று அறிவித்துவிட்டார். அதுவரை நாடாளுமன்றத்தைக் குறை சொல்லி மன்னரிடம் முறையிட்டவர்கள், 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்தில் குற்றப்பட்டியல் முழுவதையும் மன்னர் மேலேயே வைத்தார்கள். திரும்பத் திரும்ப மனுக்கொடுத்தோம், பதிலாகக் கிடைத்தது மீண்டும் மீண்டும் தீங்குதான் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

1777 ஜனவரியில், பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் அவரோடு சிலரும் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு ஒரு மனு கொடுத்தார்கள். பிரிட்டனை எதிர்க்க நீங்கள் சொன்ன ஒவ்வொரு நியாயமும் அடிமைகளின் விடுதலைக்கும் பொருந்துமே, இதை ஏன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று அதில் கேட்டிருந்தார்கள். சபையில் மசோதா ஒன்று எழுதப்பட்டது. அது நிறைவேறவே இல்லை.

வணக்கம்.